துருப்பிடித்த ரிம்மில் ஒட்டிக்கொண்ட டயர்: கழற்றும்போது செய்யக்கூடாதவை

டெல்டாவில் பழைய வண்டிகள் பெரும்பாலும் மாட்டுக்கொட்டகையில்தான் கிடக்கும். தாத்தா காலத்து ஜீப், ஓட்டம் நின்ற டிராக்டர், மூலையில் ஒரு லாம்பிரெட்டா. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஊறி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் ஈரம் தங்கி, வருஷக்கணக்காகத் துரு ஏறியிருக்கும். வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. இரும்பு துருவானால் பருக்கும். அந்தப் பருமன்தான் டயர் விளிம்பை விடாமல் கவ்விக்கொள்கிறது.

இதில் காப்பாற்ற வேண்டியது டயரை அல்ல, ரிம்மை. வெடிப்பு விட்ட டயர் எப்படியும் குப்பைக்குத்தான். ரிம் போனால் அதே அளவில் இன்னொன்றுக்குப் பழைய இரும்புக் கடை கடையாக அலைய வேண்டும். நான் இதை யோசிக்காமல், என் முதல் ஜீப் சக்கரத்தில் கடப்பாரையை நுழைத்துச் சம்மட்டியால் போட்டேன். டயர் அசையவே இல்லை. ரிம்மின் ஓரம் மட்டும் நாய் கடித்த தட்டு மாதிரி ஆனது.

அதுகூடப் பரவாயில்லை, நெருப்பு உயிரை வாங்கும். “கேஸ் வெல்டிங்கை லேசாகக் காட்டுங்க, விட்டுடும்” என்று யாராவது சொல்வார்கள். டயர் இருக்கும்போது ரிம்மைச் சூடாக்கவே கூடாது. காற்றை இறக்கிவிட்டோம் என்ற தைரியமும் வேண்டாம். சூட்டில் ரப்பர் உள்ளேயே தீய்ந்து எரியும் வாயுவை விடும். அது பற்றினால் டயர் வெடிக்கும். சூடு காட்டி முடித்த பிறகும் வெடிக்கலாம். பெட்ரோல் ஊற்றி ஊறவைப்பதும் இதே கதைதான்: உள்ளே ஆவி அடைந்திருக்கும், சம்மட்டி அடியில் ஒரு பொறி போதும்.

அப்புறம் காற்று. தட்டையாகக் கிடக்கும் டயரில் காற்று இல்லை என்று நம்பிவிடுவோம். வால்வுக்குள் சேறும் துருவும் அடைத்து மிச்சக் காற்று நின்றிருக்கும். வால்வு பின்னைக் கழற்றி, மெல்லிய கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். சேதக், லாம்பிரெட்டா மாதிரி ஸ்கூட்டர்களில் இது இன்னும் முக்கியம். அந்த ரிம் இரண்டு பாதிகளை நட்டு போட்டு இணைத்தது. சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் நட்டு வேறு, பாதிகளைப் பிடிக்கும் நட்டு வேறு. காற்றோடு இரண்டாவதைத் தளர்த்தினால் ரிம் பிளந்து முகத்துக்கு வரும். பழைய லாரியின் லாக் ரிங் (டயரை ரிம்மில் பூட்டும் தனி இரும்பு வளையம்) சக்கரம் என்றால் வீட்டில் தொடவே வேண்டாம், லாரி டயர் கடைக்கு அனுப்புங்கள்.

சரி, எப்படித்தான் கழற்றுவது? டயர் ஓரம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் சக்கரத்தைத் தரையில் படுக்கப்போட்டு, ரிம்மை ஒட்டி டயர்மேல் ஒரு கட்டையை வைத்து, நிறுத்திவைத்த டிராக்டரின் சட்டத்துக்கும் கட்டைக்கும் நடுவில் ஜாக்கி கொடுங்கள். ஒரே இடத்தில் முழு பலத்தையும் காட்டாமல், கொஞ்சம் அமுக்கி, சக்கரத்தைச் சாண் அளவு திருப்பி, மறுபடி அமுக்குங்கள். இரண்டு சுற்றில் ‘பொத்’தென்று ஒரு சத்தம் வரும், துருத்தூள் கொட்டும். விட்டுவிட்டது என்று அர்த்தம்.

பலர் தோற்பது அதற்குப் பிறகுதான். டயர் விளிம்புக்குள் இருப்பது எஃகுக் கம்பி, அது நீளாது. லிவர் (டயர் நெம்பும் கம்பி) போடும் இடத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் மிதித்து இறக்கினால்தான் இந்தப் பக்கம் இடம் கிடைக்கும். அதைச் செய்யாமல் லிவரில் தொங்கினால் ஒன்று லிவர் வளையும், இல்லை தாடையில் அடிக்கும். அப்படியும் வராவிட்டால் பக்கவாட்டு ரப்பரைக் கத்தியால் அறுத்தெடுத்து, மிஞ்சும் கம்பி வளையத்தைப் போல்ட் கட்டரால் வெட்டிவிடலாம்.

டிராக்டர் பின்சக்கரமா? பிடிப்புக்காக டியூப்பில் தண்ணீர் ஏற்றும் வழக்கம் உண்டு. வால்வைக் கீழ்ப்பக்கம் திருப்பி வடித்துவிடுங்கள், குடம் குடமாகக் கொட்டும். வடிக்காமல் சாய்த்தால் சக்கரம் ஆள்மேல் விழும்.

கழன்ற ரிம்மைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். ரிம்மை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது பழைய இரும்புக்காரருக்குத்தான்.