ஃபினாஸ்டரைடு தொடங்கப் போகிறீர்களா? முதல் மாத்திரைக்கு முன்பும் பின்பும்

நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறுகிறது, உச்சந்தலையில் தோல் தெரிகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, ஆண்களின் பரம்பரை வழுக்கைக்கான மாத்திரையான ஃபினாஸ்டரைடு 1 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு இல்லாமல் நீங்களாகவே ஆன்லைனில் வாங்கியிருந்தால், அட்டையைப் பிரிக்காமல் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். முடி வட்ட வட்டமாகக் கொட்டுவதற்கும், பெரிய காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவதற்கும் இது மருந்தே இல்லை.

படி 1: என்ன விழுங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி டி.எச்.டி. என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரை வாகு உள்ளவர்களுக்கு முடியின் வேரை மெலிய வைப்பது இந்த டி.எச்.டி.தான். ஃபினாஸ்டரைடு அந்த நொதியைத் தடுக்கும், ரத்தத்தில் டி.எச்.டி. சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறையும். அமெரிக்காவில் 1992-ல் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கத்துக்காக 5 மி.கி. மாத்திரையாக வந்தது, 1997-ல்தான் முடிக்காக 1 மி.கி. வந்தது. ஹார்மோன் விஷயம் என்பதால் சத்து மாத்திரை போல நினைத்துவிட வேண்டாம்.

படி 2: டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்

முன்பு மனச்சோர்வு இருந்ததா, கல்லீரலில் கோளாறு உண்டா, குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா, வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது: புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்க எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. இந்த மாத்திரை அந்த அளவை ஏறத்தாழ பாதியாக்கிவிடும். சொல்லாமல் பரிசோதித்தால், கவலைப்பட வேண்டிய எண்கூட நல்ல எண்ணாகத் தெரியும்.

படி 3: போட்டோ எடுங்கள்

ஒரே இடம், ஒரே வெளிச்சம், காய்ந்த முடி. மாதம் ஒரு முறை போதும். தினமும் கண்ணாடியில் தேடுவது வீண் வேலை. மாற்றம் தெரியவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.

படி 4: தினமும் ஒன்று

சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். கூடுதலாக விழுங்கினால் முடி வேகமாக வளராது.

படி 5: உடம்பையும் மனதையும் கவனியுங்கள்

தாம்பத்திய ஆசை குறைவது, விறைப்பு குறைவது, விந்து குறைவது ஆகியவை சிலருக்கு வரும். பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகும். நிறுத்திய பின்னும் நீடித்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அதனால் 'பழகிவிடும்' என்று மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ளாதீர்கள். மார்பில் கட்டி, வலி, காம்பில் கசிவு தெரிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மனச்சோர்வு வந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் தற்கொலை எண்ணத்தை இந்த மருந்தின் பக்கவிளைவாக உறுதி செய்திருக்கிறது. நம் மாற்றம் நமக்கே தெரியாமல் போகலாம் என்பதால், வீட்டில் ஒருவரிடமாவது இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லி வைப்பது நல்லது.

படி 6: மற்றவர்களைக் காப்பாற்றுங்கள்

கர்ப்பிணிகள் உடைந்த, பொடித்த மாத்திரையைத் தொடவே கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் பிறப்புறுப்பின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். மிச்சம் பிடிக்க 5 மி.கி. மாத்திரையை வீட்டில் நான்காக வெட்டுபவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அதன் பொடி மேசையிலேயே கிடக்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமாவது ரத்த தானமும் வேண்டாம். அந்த ரத்தம் யாருக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

படி 7: தொடர்வதா, நிறுத்துவதா?

ஒரு வருடம் கழித்து போட்டோக்களை டாக்டரிடம் காட்டி முடிவெடுங்கள். கொட்டுவது நின்றிருந்தாலே அது பலன்தான், புதிதாக முளைத்தால் கூடுதல் லாபம். ஆனால் பலன் தங்குவது மாத்திரை சாப்பிடும் வரைதான். நிறுத்தினால் 12 மாதத்துக்குள் கிடைத்தது போய்விடும்.