பழைய உழவு இயந்திரத்தின் கியர் ஒயில் தட்டை ஒழுகாமல் பூட்டுதல்

கியர்ப்பெட்டியின் அடியில் ஒயிலைத் தாங்கும் தகரத் தட்டு ஒழுகினால், திருகோணமலையின் தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்து வயல்களில் பெரும்போக உழவு தொடங்கும் முன் அதைக் கழற்றிப் பூட்டிவிடுவது நல்லது. வடித்த ஒயில் பால்நிறமாக இருந்தால் சேற்றுநீர் ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்.

இயந்திரத்தைச் சற்று ஓடவிட்டு, ஒயில் சூடாக இருக்கும்போதே வடித்து, தட்டைக் கழற்றியபின் இரவு முழுவதும் சொட்டவிட வேண்டும். விளிம்பில் புதிய ஒயில் கசிந்துகொண்டிருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. தட்டுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள பழைய கஸ்கற்றை (அடைப்புத் தாளை) சுரண்டி, அவை பொருந்தும் இரு முகங்களையும் பெற்றோல் நனைத்த துணியால் துடைக்கவும்.

பெரும்பாலான ஒழுக்குகளுக்குக் காரணம் பசையன்று, வளைந்த தட்டே. முன்னர் அளவுக்கு மீறி இறுக்கியதால் தகரத் தட்டின் ஆணித் துளைகளைச் சுற்றி உலோகம் மேலெழுந்திருக்கும். நேர்கோலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இடைவெளி தெரியும். தடித்த இரும்பின்மேல் வைத்து, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்தவும்.

சிலிக்கோன் பசையை 2 அல்லது 3 மில்லிமீற்றர் தடிப்பில், துளைகளுக்கு உட்புறமாக ஒரே கோடாக இடுங்கள். பல பழைய இயந்திரங்களில் ஹைட்ரோலிக் பம்பும் இதே ஒயிலையே உறிஞ்சுவதால், உள்ளே பிதுங்கி உதிரும் மிகைப்பசை பம்பின் ஒயில் வடிகட்டியை அடைத்துவிடும். மறுபுறம் திறக்கும் துளைகளின் ஆணிப் புரிகளிலும் பசை தேவை. மறுபுறம் திறக்காத துளைகளில் தேங்கிய ஒயிலைத் துடைத்தெடுக்காவிட்டால், இறுக்கும்போது பெட்டியின் வார்ப்பே வெடிக்கக்கூடும்.

ஆணிகளை முதலில் கையளவில் முடுக்கி, ஒரு மணிநேரத்தின் பின் எதிரெதிராக இறுக்கவும். 24 மணிநேரம் கழித்து ஒயில் ஊற்றுங்கள். கியர்ப்பெட்டியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தால் அதையும் கழுவவும். உள்ளழுத்தம் புதிய பூட்டையும் கசியவைக்கும்.