ஆங்கிலம் கேட்டுப் பழக ஆறு நிமிடம்
இங்கே யாழ்ப்பாணத்தில் பல பிள்ளைகள் இலக்கணத்தில் கெட்டிக்காரர், ரியூசன் புண்ணியம். ஆங்கிலத்தில் யாராவது கதைத்தால்தான் முழிப்பார்கள். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் ‘6 மினிற் இங்கிலீஷ்’ நிகழ்ச்சி இலவசம். இருவர் ஒரு விடயத்தைப் பற்றிக் கதைப்பார்கள். கதைத்தது பெரும்பாலும் அப்படியே எழுத்திலும் உண்டு.

முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்க விடுங்கள். இரண்டாந்தரம் பார்த்துக்கொண்டு கேட்கட்டும். பிறகு ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, அதே தொனியில் பிள்ளை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்பதோடு நிறுத்தினால் பாதிப் பலன்தான். வேகம் கூடவென்றால் யூரியூப்பில் 0.75 ஆகக் குறைக்கலாம். ஒலிக்கோப்பைத் தரவிறக்கி வைத்தால் டேட்டாவும் மிச்சம்.

சின்னவர்களுக்கு இது கடினம். அவர்களுக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன்இங்கிலீஷ் கிட்ஸ்’ தளத்துப் பாட்டும் கதையும் போதும்.