ப்ராடக்ட் மேனேஜர் ஆகலாமா என்று யோசிப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஐடியில் நாலைந்து வருடம் ஓட்டியவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் வரும் யோசனை, "பேசாம ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் போயிடலாமா?" ஒரு ப்ராடக்டில் யாருக்காக எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்து, அதை டீமோடு சேர்ந்து செய்து முடிக்கும் வேலை அது. யோசிப்பதில் தப்பே இல்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் அந்த வேலையை ஒரு நாள்கூடக் கிட்டே இருந்து பார்க்காமல், பெயரையும் சம்பளத்தையும் வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, கோடிங் பிடிக்கவில்லை என்று இங்கே வருவது. கோட் எழுத வேண்டாம், சரி. ஆனால் இன்ஜினியர் "இதுக்கு ஆறு வாரம் ஆகும்" என்றால் ஏன் ஆறு வாரம் என்று புரிய வேண்டும், எதை விட்டுவிட்டால் மூன்று வாரத்தில் முடியும் என்று அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். சிஸ்டத்தைப் பற்றிப் பேசவே அலுப்பாக இருந்தால் இங்கேயும் அதே அலுப்புதான்.

அப்புறம் இந்த "ப்ராடக்டுக்கு நீதான் சிஇஓ" என்ற பேச்சு. 1931-ல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் முழுப் பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். இந்த வேலையின் வேர் அதுதான் என்பார்கள். பொறுப்பு இன்றும் அப்படியே இருக்கிறது, அதிகாரம்தான் கூடவே வருவதில்லை. பெரும்பாலான இடங்களில் இன்ஜினியரோ டிசைனரோ உங்களுக்கு ரிப்போர்ட் செய்ய மாட்டார்கள், ஆனால் ரிலீஸ் தள்ளிப்போனால் கேள்வி முதலில் உங்களிடம் வரும்.

நான் ஒரு பில்லிங் சாஃப்ட்வேரில் வேலை பார்த்தபோது, "எக்ஸல் டவுன்லோடு வேகமாக வேண்டும்" என்று வாடிக்கையாளர்களிடமிருந்து டிக்கெட் (சப்போர்ட்டுக்கு வரும் புகார்) மேல் டிக்கெட். இரண்டு ஸ்பிரின்ட் (டீம் வேலையைப் பிரித்துச் செய்யும் சில வாரக் கட்டம்) ஒதுக்கத் தயாராகிவிட்டோம். அதற்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், கணக்குப் பார்க்கும் அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன், போட வேண்டும் என்ற பரபரப்பில் இருந்தார். முந்தின மாதத்து பில் மொத்தத்தையும் எக்ஸலில் இறக்கி, திரையில் அடிஸ்கேலை வைத்து வரிவரியாக நகர்த்தி, கேன்சல் ஆன பில்களைத் தேடிக்கொண்டிருந்தார். "கேன்சல் ஆனது மட்டும் தனியா வந்துட்டா எனக்கு எக்ஸலே வேண்டாங்க தம்பி" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ஃபில்டர், நான்கு நாள் வேலை. திரும்பி வந்து டவுன்லோடு வேலையை நிறுத்தலாம் என்றதும், வாடிக்கையாளர்களிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்த சேல்ஸ் டீம் ஒரு மணி நேரம் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் இந்த வேலையில் சேர்த்திதான், அடிக்கடி வரும்.

எம்பிஏ இல்லாமல் முடியாது என்று நினைத்து, லட்சக்கணக்கில் கடன் வாங்கி கோர்ஸில் சேர்வது இன்னொன்று. சில கம்பெனிகள் எம்பிஏ கேட்கும், உண்மைதான். ஆனால் 2002-ல் மரிஸா மேயர் கூகுளில் தொடங்கிய ஏபிஎம் (அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர்) திட்டமே கல்லூரியை முடித்து வந்த இளைஞர்களை எடுத்துப் பழக்கியதுதான்.

பெயர்க் குழப்பமும் உண்டு. மற்ற கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சர்வீஸ் கம்பெனியில் என்ன செய்ய வேண்டும் என்பதை பெரும்பாலும் கிளையன்ட் முடிவு செய்துவிடுவார், அதை நேரத்துக்கு முடித்துக் கொடுப்பது ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை. ஆஃபர் லெட்டரில் ப்ராடக்ட் என்று போட்டிருந்தாலும் உள்ளே அதே வேலையாக இருக்கலாம். இன்டர்வியூவில் நேராகக் கேளுங்கள்: "கடைசியாக எதைச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள், யார் எடுத்தார்கள்?"

எல்லாவற்றையும்விட வருத்தமானது, ஒருமுறைகூடச் செய்து பார்க்காமல் வேலையை விட்டுவிட்டு வருவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இப்போது இருக்கும் கம்பெனியிலேயே 50 சப்போர்ட் டிக்கெட்டுகளை எடுத்துப் படியுங்கள். வாடிக்கையாளர்களோடு நடக்கும் இரண்டு ஃபோன் கால்களை ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். யாருக்கு என்ன கஷ்டம், எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, உங்கள் டீமில் கறாரான இன்ஜினியரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு உங்களிடம் பதில் இருக்காது. அதைத் தேடி மறுபடி டிக்கெட்டுகளுக்குள் போகத் தோன்றுகிறதா, லேப்டாப்பை மூடிவிடத் தோன்றுகிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.