2¹²⁸+1: பெரிய பகு எண்ணில் கால் வழுக்கும் இடங்கள்

340282366920938463463374607431768211457. மொத்தம் 39 இலக்கங்கள். 2-ஐ 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டினால் வருபவை ஃபெர்மா எண்கள். 0-இலிருந்து எண்ணினால் இது ஏழாவது, அதாவது 2¹²⁸+1. பெரிய எண்களில் புதிதாகக் கை வைப்பவர்கள், முன்னால் வந்தவர்கள் எல்லாம் வழுக்கிய அதே இடங்களில்தான் இன்னமும் வழுக்குகிறார்கள். இலக்கம் விட்டுப்போவது, அடைப்புக்குறி மறப்பது எல்லாம் சீக்கிரமே தெரிந்துவிடும்; அவற்றை விட்டுவிடலாம்.

எக்செல்லில் போடுவது

வேண்டாம். 15 இலக்கத்துக்கு மேல் நிற்காது. கடைசியில் கூட்டிய அந்த 1 காணாமல் போய்விடும்.

பைத்தானில் ஒற்றைச் சாய்கோடு

முழு எண்ணைப் பைத்தான் அப்படியே வைத்துக்கொள்ளும். ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசமமாகி, பின் இலக்கங்கள் குப்பையாகும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள். வகுபடுகிறதா என்று பார்க்க, மீதியை மட்டும் எடுத்தால் போதும்.

2-ஐ மட்டும் வைத்துச் சோதிப்பது

பகா எண்ணா என்று பார்ப்பதில் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, ஓர் எண் பகா எண் என்றால், அதால் வகுபடாத எதையும் அந்த எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி வகுக்க, மீதி 1 வரும். மீதி வேறாக இருந்தால் அது பகு எண், சந்தேகமே இல்லை. 1 வந்தால்? ஒன்றும் நிரூபணமாகவில்லை. 341 என்பது 11 × 31. ஆனாலும் 2³⁴⁰-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1தான்.

341-ஐத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஃபெர்மா எண்களில் அது தற்செயல் அல்ல. 2³²+1, அதாவது 4294967297-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2³² இதைவிட ஒன்று குறைவு, ஆகவே மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. சோதனைக்கு வேண்டிய அடுக்கோ 2³². அது 64-இன் மடங்கு. எனவே மீதி 1 வந்தே தீரும். உள்ளே காரணி இருக்கிறதா என்று சோதனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை! நடுவில் −1 வந்துவிடுவதால், 2-ஐ வைத்துச் செய்யும் மில்லர்–ராபின் சோதனையும் (இதே சோதனையின் கறாரான வடிவம்) இதேபோல் ஏமாறும். ஃபெர்மா எண்கள் எல்லாம் பகா எண்கள் என்றுதான் கணிதவியலாளர் ஃபெர்மாவும் நம்பினார். 1732-இல் ஆய்லர் 641 × 6700417 என்று 4294967297-ஐப் பிரித்துக் காட்டினார்.

2-க்குப் பதில் 3-ஐ எடுங்கள். 32 முறை வர்க்கப்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் 4294967297-ஆல் வகுத்து மீதியை மட்டும் கொண்டுபோங்கள். கடைசியில் 3029026160 நிற்கும். 1 அல்ல, கதை முடிந்தது. பெப்பினின் 1877 சோதனை இன்னும் கறார்: 31-ஆம் முறையில் மீதி −1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 2¹²⁸+1-க்கு 127 முறை.

அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுவிட்டுக் கடைசியில் வகுக்கப் போகாதீர்கள். 4294967297 என்ற சிறிய எண்ணுக்கே 200 கோடி இலக்கங்களுக்கு மேல் வந்து கணினி திணறும். பைத்தானில் அடுக்கு கணக்கிடும் பவ் (pow) கட்டளையில் வகுஎண்ணை மூன்றாவது மதிப்பாகக் கொடுங்கள்.

3, 5, 7 என்று வரிசையாக வகுப்பது

2³²+1-இன் பகாக் காரணிகள் எல்லாம் 128-இன் மடங்கோடு 1 கூட்டியவை. 257-ஐப் பாருங்கள், போகாது. அடுத்தது 641, தீர்ந்தது. 2¹²⁸+1-க்கு 512-இன் மடங்கு. ஆனால் இங்கே அந்தக் குறுக்குவழியும் கை கொடுக்காது: சிறிய காரணியே 59649589127497217.

பகு எண் என்றால் காரணி தெரியும் என்று நினைப்பது

இல்லை. 2¹²⁸+1 பகு எண் என்று 1905-இலேயே மோர்ஹெட், வெஸ்டர்ன் இருவரும் பெப்பின் சோதனையால் காட்டிவிட்டார்கள். 1970-இல்தான் மாரிசனும் பிரில்ஹார்ட்டும் தொடர்பின்னங்களைக் கொண்டு காரணி தேடும் முறையில் அதை உடைத்தார்கள். மற்ற காரணி 5704689200685129054721. 24-ஆம் ஃபெர்மா எண்ணுக்கு 50,50,446 இலக்கங்கள். அது பகு எண் என்று 1999-இல் தெரிந்தது. காரணி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

முதல் காரணியோடு நிறுத்துவது

வகுத்து வந்த ஈவையும் சோதியுங்கள். பத்தாம் ஃபெர்மா எண்ணில் 1953-இல் 45592577 கிடைத்தது, 1962-இல் 6487031809. அப்போதும் மிச்சம் பகு எண்தான். முழுதாகப் பிரிந்தது 1995-இல்.