சைக்கிளின் முன்பக்கம் பாரம் ஏற்றினால் ஹேண்டில் ஏன் முரண்டு பிடிக்கிறது? செய்து பார்க்கலாம்

பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைப் பையில் போட்டு ஹேண்டில்பாரின் இடப்பக்கம் மாட்டிக்கொண்டு, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கெடிலம் பாலம் ஏறினேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்ததும் ஒதுங்கப் பார்த்தேன். ஹேண்டில் கேட்கவில்லை. பழம் தப்பித்தது, என் முட்டி தப்பவில்லை.

நீங்கள் விழாமலே கற்றுக்கொள்ளலாம். 5 கிலோ அரிசிப் பையும் ஆளில்லாத திடலும் போதும். நான் விடிகாலையில் மஞ்சை நகர் மைதானத்துக்குப் போனேன்.

படி 1. முன் டயரில் காற்று நிறைவாக இருக்கட்டும். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டிலுக்கு அடியில் 'டக் டக்' என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. கடையில் இறுக்கிவிட்டு வாருங்கள்.

படி 2. பையை ஹேண்டிலின் ஒரு பக்கம் மாட்டி, நடக்கிற வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். ஹேண்டில் அந்தப் பக்கமே இழுக்கும். ஒவ்வொரு மிதிக்கும் பை ஊசலாடி முழங்காலில் இடிக்கும். பை கம்பிகளுக்குள் சிக்கினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும், நீங்கள் முன்னால் பறப்பீர்கள். ஒருமுறை பார்த்தது போதும், கழற்றிவிடுங்கள்.

படி 3. இப்போது அதே பை ஹேண்டிலில் மாட்டிய முன்கூடைக்குள். கிளம்பும்போதுதான் ஆட்டம் அதிகம். மெதுவாகப் போகும்போது விழாமலிருக்க, நமக்கே தெரியாமல் ஹேண்டிலை இப்படியும் அப்படியும் பொடிப்பொடியாகத் திருப்பிக்கொண்டே இருக்கிறோம். கூடையும் கூடவே திரும்பவேண்டும் என்பதால் ஹேண்டில் தாமதமாகக் கிளம்பும், தாமதமாக நிற்கும். நாமோ வேண்டியதைவிட அதிகமாகத் திருப்பிவிடுவோம். ஹேண்டில் கொஞ்சம் அதிகம் திரும்பினால், முன்னால் தொங்கும் பாரம் அதை இன்னும் கவிழ்க்கப் பார்க்கும். வேகம் எடுத்ததும் வண்டி தன்னால் அடங்கும். எனவே முதல் நாலு மிதியை அழுத்தமாக மிதியுங்கள். வளைவில் முன்கூட்டியே, மெல்லத் திருப்புங்கள்.

படி 4. பாரத்தைத் தாழ்த்துங்கள். முன்பக்கம் சின்ன கேரியர் இருந்தால் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) இரண்டு பக்கமும், அச்சுக்கு அருகில், இரண்டரை இரண்டரை கிலோவாகப் பிரித்துக் கட்டுங்கள். எடை அதேதான், ஆட்டம் பாதியாகிவிட்டது போல எனக்குத் தோன்றியது. கேரியர் இல்லையென்றால் கனமானதைக் கூடையின் அடியில், ஹேண்டிலை ஒட்டி வைத்து, அசையாமல் கட்டுங்கள். கீரைக்கட்டு மேலே போகட்டும்.

ஃபிரேமோடு பொருத்திய கூடையும் உண்டு. ஹேண்டில் திரும்பினாலும் அது திரும்பாது. பார்க்க வினோதமாக இருக்கும், ஓட்ட சுகம்.

சரி, எல்லாச் சைக்கிளும் ஒரே மாதிரி முரண்டு பிடிக்குமா என்றால், இல்லை. ஹேண்டிலும் ஃபோர்க்கும் சுழலும் தண்டின் சாய்வுக்கோட்டைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். அந்த இடைவெளி சாதாரணமாக 5, 6 சென்டிமீட்டர் இருக்கும். 3, 4 சென்டிமீட்டராகக் குறைத்துச் செய்த சைக்கிள்கள் முன்பாரத்தோடு மெதுவாகப் போகும்போது சுலபமாகத் திரும்பும்.

படி 5. நிறுத்துவது. ஸ்டாண்ட் போட்டதும் கையை எடுத்துவிடாதீர்கள். ஹேண்டில் சுழன்று வண்டி சாயும். முன்சக்கரத்தைச் சுவரோடு ஒட்டி வைத்து, முதலில் பாரத்தை இறக்குங்கள். பலாப்பழம் என்றால் இரண்டு கையாலும்.