வெறுங்கை எப்படி இருக்கும்? பேக் பாம் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறைக்குச் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரும் என் தங்கை மகன், போன வருடம் ஒரு சீட்டுக்கட்டோடு வந்து இறங்கினான். நாள் முழுக்க முகப்பில் நின்றுகொண்டு ஒற்றைச் சீட்டை வைத்துக் கையை வீசிக்கொண்டே இருப்பான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சீட்டு 'சட்' என்று விழும் சத்தம் உள்முற்றமான வளவு வரைக்கும் கேட்கும். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "அம்மான், நூறு தடவைக்கு மேல பண்ணிட்டேன். விழுந்துக்கிட்டே இருக்கு. என் விரல்தான் சின்னதோ?" என்று கேட்டான்.

விரலில் குறை இல்லை. அவன் பழகியது பேக் பாம் (back palm). ஒரே கையால் செய்யும் சீட்டு வித்தைகளில் ரொம்பக் கடினமானவற்றில் அதுவும் ஒன்று. சீட்டைக் காட்டுவீர்கள், மேலே வீசுவதுபோல ஓர் அசைவு, சீட்டைக் காணோம். விரித்த உள்ளங்கை வெறுமையாக இருக்கும். சீட்டோ விரல்களுக்குப் பின்னால், புறங்கையில் ஒளிந்திருக்கும். இருபது வருடமாக நான் இதைப் பழகுகிறேன், ஊர்ப் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லியும் தருகிறேன். ஏறக்குறைய எல்லோரும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் அசைவைச் சொல்லிவிடுகிறேன். சீட்டின் கீழ்முனையைக் கட்டைவிரல் முன்னாலும், நடுவிரலும் மோதிர விரலும் பின்னாலும் பிடித்திருக்கும். சுட்டுவிரலும் சுண்டுவிரலும் இரு பக்கமும் வந்து நீள விளிம்புகளை அணைக்கும். அப்புறம் நடுவில் உள்ள இரண்டு விரல்களும் மடங்கி, சீட்டின் கீழ் விளிம்புக்கு அடியில் நழுவி, முன்பக்கமாக வந்து நிமிரும். சுட்டுவிரலும் சுண்டுவிரலும் அச்சாணி மாதிரி. சீட்டு அந்த அச்சில் சுழன்று புறங்கைக்குப் போய்விடும். விரல்கள் நேராகும்போது சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஒரு மூலை, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே இன்னொரு மூலை சிக்கி நிற்கும். சீட்டைத் திரும்ப வரவழைக்க இதே வழியில் பின்னோக்கி வர வேண்டும்.

மருமகன் கையில் சீட்டு ஏன் விழுந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு ஓர விரல்களும் விளிம்பைப் பிடிப்பதற்கு முன்பே கட்டைவிரல் விட்டுவிடுகிறது. முதல் வாரத்தில் இது எல்லோருக்கும் வரும் தவறு. இதற்கு ஒரே மருந்து, பாதியில் நிறுத்துவது. நடு விரல்கள் மடங்கிய நிலையில் அப்படியே நின்று, கட்டைவிரலை எடுத்துவிட்டு, மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். சீட்டு ஆடாமல் நின்றால் பிடி சரி. நிற்காவிட்டால் மேலே போகாதீர்கள். அந்தப் பாதி அசைவையே இரண்டு நாள் செய்யுங்கள்.

சிலர் விழக் கூடாது என்று இறுக்கிப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் மூலை மடங்கும், விரலிடுக்கில் தோல் சிவந்து எரியும், விரல் நுனி வெளுத்துப் போகும். முன்னால் இருப்பவர் அந்த வெளுத்த விரலைப் பார்த்தே ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். உண்மையில் சீட்டைத் தாங்குவது உங்கள் பலம் அல்ல, சீட்டின் சொந்த விறைப்பு. லேசாக வளைந்த சீட்டு நிமிரப் பார்க்கும், அந்த உந்தலே அதை விரல்களோடு சேர்த்து நிறுத்தும். அது உந்துவதற்கு இடம் கொடுத்தால் போதும்.

பிடிக்கும் இடமும் முக்கியம். சீட்டின் நீளம் சுமார் 88 மில்லிமீட்டர். பலருடைய நடுவிரல் அவ்வளவு நீளம் இருக்காது. அதனால் மேல்முனை விரல் நுனிக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், மறுமுனை விரல் முட்டிகளைத் தாண்டிப் புறங்கையில் படிய வேண்டும். நுனிக்கு மேலே ஒரு நூலளவு வெள்ளை தெரிந்தாலும் வித்தை அதோடு முடிந்தது.

அடுத்தது வேகம். கை வேகமாகப் போனால் கண்ணை ஏமாற்றலாம் என்ற நினைப்பு எங்கிருந்தோ எல்லோர் மனதிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அர்ஜென்டினாவில் ரெனே லாவாண்ட் என்று ஒரு சீட்டு வித்தைக்காரர் இருந்தார். 1928-இல் பிறந்து 2015-இல் மறைந்தவர். வலது கைப் பழக்கக்காரரான அவர் ஒன்பது வயதில் ஒரு விபத்தில் அந்த வலது கையையே இழந்தார். சீட்டு வித்தைகளெல்லாம் இரண்டு கை உள்ளவர்களுக்காக வகுத்தவை. மிஞ்சிய இடது கைக்கு வேண்டியதை அவரே தேடித் தேடி அமைத்துக்கொண்டார். அவர் பேர் வாங்கியது வேகத்தால் அல்ல. ஒரே வித்தையைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தரமும் இன்னும் நிதானமாகச் செய்து காட்டி, இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது என்று மேடையில் சொல்வார். அவர் செய்வதைப் படக்காட்சியில் முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒற்றைக் கை. அவசரமே இல்லை.

பேக் பாமை மெதுவாகப் பழகினால் எந்த விரல் எப்போது தப்பு செய்கிறது என்று தெரியும். வேகமாகப் பழகினால் தப்பும் வேகமாகப் படிந்துவிடும், பின்னால் அதை உரித்தெடுப்பது பெரும்பாடு. ஐந்து விநாடி எடுத்து ஒரு தடவை செய்யுங்கள். அது வழுவழுப்பாக வந்தபின் நான்கு விநாடி. வேகம் தானாக வந்து சேரும்.

ஆனால் நான் மனசாரச் சொல்ல விரும்புவது வேறொன்று. பழகுபவர்கள் எல்லோரும் சீட்டை மறைப்பதையே பழகுகிறார்கள். எதிரில் இருப்பவர் பார்ப்பதோ சீட்டை அல்ல, கையை. வெறுங்கை எப்படி இருக்கும் என்று தெரியாமல் வெறுங்கையைக் காட்ட முடியாது.

இது எனக்கே புரிந்தது எங்கள் வீட்டு ரெண்டாங்கட்டில்தான். ஆத்தா, அதாவது என் அம்மா, தூணோரம் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு பேரன் ஓடிவந்து இன்னும் மணகோலம் பலகாரம் வேண்டும் என்றான். "இல்லப்பா, தீந்துபோச்சு" என்று ஆத்தா கையை விரித்துக் காட்டினார்கள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை முழுசாக விரியவில்லை. தண்ணீரை ஏந்தப் போவதுபோல விரல்கள் கொஞ்சம் வளைந்திருந்தன. சுண்டுவிரல் மற்றவற்றிலிருந்து சற்று விலகி நின்றது. கட்டைவிரல் அதன் போக்கில் தொங்கியது. ஒரு விநாடிகூட இருக்காது, கை திரும்ப மடியில் விழுந்துவிட்டது. இவ்வளவு நேரமும் ஆத்தா தன் கையைப் பார்க்கவே இல்லை, பேரன் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"பாத்தியா, ஆயா கையை?" என்று மருமகனிடம் கேட்டேன். அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவன் காட்டும் வெறுங்கை பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். நான்கு விரலும் ஒட்டியிருக்கும், கட்டைவிரல் கம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கண் கையையே முறைத்துக்கொண்டிருக்கும், கை அந்தரத்தில் நான்கைந்து விநாடி அப்படியே நிற்கும். ஒன்றும் இல்லாத கையை எவரும் அவ்வளவு நேரம் காட்ட மாட்டார்கள்.

ஆகவே சீட்டு இல்லாமலே பழகுங்கள். செல்போனை எதிரில் வைத்து, வெறுங்கையைப் பத்துத் தடவை காட்டிப் படம் எடுங்கள். அப்புறம் நிஜமாகவே ஒரு சீட்டை மேலே எறிந்து, கை எவ்வளவு உயருகிறது, முழங்கை எங்கே நிற்கிறது என்று படம் எடுங்கள். கடைசியில் பேக் பாம் செய்து எடுங்கள். மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உங்கள் கண்ணிலேயே படும். பலர் வித்தை செய்யும்போது மட்டும் கையை இரண்டு மடங்கு அதிகமாக வீசுவார்கள். விரலின் சிறிய அசைவைக் கையின் பெரிய அசைவு மூடுவது உண்மைதான். ஆனால் அந்தப் பெரிய அசைவு நிஜ எறிதலைப் போலவே இருக்க வேண்டும்.

படம் எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், கண்ணாடி முன்னால் மட்டும் பழகுபவர்களுக்குக் கண் இமைக்கும் பழக்கம் வந்துவிடும். சீட்டு சுழலும் அந்த நொடியில் இமை மூடிக்கொள்ளும், அவர்களுக்கே தெரியாது. தப்பு நடக்கும் நொடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சரியாக வருகிறது என்று நம்பிக்கொள்வார்கள்.

இனி கோணம். எங்கள் செட்டிநாட்டு வீடுகள் இந்த வித்தைக்கு எதிரி என்றே சொல்லலாம். வளவில் நின்றால் நாலு புறமும் ஆள் இருப்பார்கள், மாடி இருந்தால் அங்கிருந்தும் எட்டிப் பார்ப்பார்கள். பேக் பாம் முன்னால் இருப்பவர்களுக்காக மட்டுமே ஆனது. பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலே புறங்கையில் நிற்கும் சீட்டு அப்பட்டமாகத் தெரியும். ஒரு வருடம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியிருந்தபோது, சாயங்காலம் பிள்ளைகள் முன்னால் செய்து காட்டினேன். முன்னால் எல்லோரும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஆள் உயரத்துக்குப் பழைய பெல்ஜியம் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்ததை நான் யோசிக்கவில்லை. "கையிக்குப் பின்னாடி இருக்கு, ஆட்டின் ராஜா!" என்று ஒரு குட்டிப்பெண் சீட்டின் பேரையே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைச் சுற்றிப் பார்த்துவிடுவேன். கண்ணாடி போட்ட படங்கள், கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி, இருட்டிய பின் ஜன்னல் கண்ணாடி எல்லாமே காட்டிக்கொடுக்கும். முகப்பில் மூடிய நிலைக்கதவுக்கு முன்னால் நின்று, பார்ப்பவர்களை எதிரே நெருக்கமாக உட்காரவைப்பது நல்லது. திண்ணை வேண்டாம், அங்கே எப்படியும் ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்திருப்பார்.

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் சீட்டு வழுக்கும், வளைத்தால் விடாப்பிடியாக நிமிரும். தொடக்கத்தில் காகித அட்டைச் சீட்டே நல்லது. அதிலும் புதுச் சீட்டைவிட, நாலு கை மாறி நெகிழ்ந்துபோன பழைய சீட்டு. அகலத்தில் இரண்டு அளவு உண்டு. போக்கர் அளவு சுமார் 63 மில்லிமீட்டர், பிரிட்ஜ் அளவு சுமார் 57. சிறிய கை உள்ளவர்கள் 57-இல் தொடங்கலாம். அந்த ஆறு மில்லிமீட்டர், விரல் ஓரத்தில் மூலை எட்டிப் பார்ப்பதற்கும் பார்க்காமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். தேன்குழலோ சீப்புச் சீடையோ தின்ற கையோடு சீட்டைத் தொட வேண்டாம். எண்ணெய் பட்ட சீட்டு ஒன்றோடொன்று ஒட்டும், விரலில் நிற்காமல் நழுவும். சித்திரை வெயிலில் வியர்த்த கையும் அப்படித்தான், துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். தோல் ஒட்டினால்தான் சீட்டு நிற்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வேல்ஸில் பிறந்த வித்தைக்காரர் கார்டினி மேடையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டே சீட்டுகளை மறைத்து வரவழைத்தவர். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக் குளிருக்குப் போட்ட கையுறையோடு பழகியதில் வந்த வழக்கம் என்று சொல்வார்கள். கையுறைக்குள்ளிருந்து அவரால் முடிந்ததென்றால், பிடி இருக்கும் இடம் தோல் அல்ல.

தரையில் ஜமக்காளம் விரித்துப் பழகுங்கள். கல்தரையில் விழுந்து விழுந்து மூலை நசுங்கிய சீட்டு, பிடியிலும் நசுங்கிய இடத்தில்தான் வழுக்கும். குனிந்து குனிந்து எடுக்கும் வேலையும் மிச்சம்.

வலியை அலட்சியம் செய்யாதீர்கள். சுண்டுவிரல் அடியிலும் முன்கையிலும் அசதி வருவது சகஜம். குத்தும் வலியோ மரத்துப்போவதோ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் செய்வதைவிட, காலையில் பத்து நிமிடம், மத்தியானம் பத்து, ராத்திரி பத்து என்று பிரித்துச் செய்தால் விரல் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

ஒன்று சரியாக வருவதற்குள் இரண்டு, மூன்று சீட்டுக்குத் தாவுபவர்கள் நிறைய. அதைவிட, கையைத் திருப்பிப் புறங்கையையும் காட்டும் அசைவை அடுத்த படியாக எடுங்கள். மணிக்கட்டு திரும்பும்போதே விரல்கள் மடங்கி, சீட்டு புறங்கையிலிருந்து உள்ளங்கைப் பக்கம் வந்துவிட வேண்டும். கை முதலில் திரும்பி, விரல் பிறகு வேலை செய்தால் சீட்டு தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிய வேண்டும். இதற்கே ஒரு கோடை தேவைப்படும்.

கல்யாண வீட்டில் முகப்பில் ஜமக்காளம் விரித்து ரம்மி ஆடுகிறார்களே, அந்த இடத்துக்கு இந்தக் கையைக் கொண்டுபோகாதீர்கள். சும்மா விளையாட்டாகக்கூட வேண்டாம். ஒரு தரம் செய்தால் அப்புறம் உங்களோடு யாரும் நம்பி உட்கார மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. வித்தை நன்றாக விழுந்துவிட்டால் "இன்னொரு தரம், இன்னொரு தரம்" என்பார்கள். மயங்கிவிடாதீர்கள். முதல் தரம் கையைச் சும்மா பார்த்தவர்கள் இரண்டாம் தரம் அதைத் துருவிப் பார்ப்பார்கள். லாவாண்ட் திரும்பத் திரும்பச் செய்தது, அப்படிச் செய்வதற்கென்றே அமைத்த வித்தையை. பேக் பாம் அந்த ரகம் இல்லை. இந்த வருடம் மருமகன் முதல் முறையாக அவன் ஆயா முன்னால் செய்து காட்டினான். சீட்டு மறைந்தது, கை ஆத்தாவின் கை மாதிரியே லேசாக விரிந்து கீழே இறங்கியது. "எங்கேடா போச்சு? இன்னொருக்கப் பண்ணு" என்றார்கள் ஆத்தா. அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். "நாளைக்கு, ஆயா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.